உள்ளித்தண்ணி

தங்கராசா புட்டுக்குள் வாழைப்பழத்தைப் பிசைந்து முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோன நேரம், மேசையின் மறுபக்கத்தில் மனைவி நாகபூசணி ஐபாடை எட்டப் பிடித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு பூச்சிமருந்தின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் அடங்காத நீளப் பெயர். அவள் நடுவில் இரண்டு தரம் தடக்குப்பட்டாள். தங்கராசாவுக்குத் தடக்கவில்லை. போன ஜனவரியில் கராஜுக்குள் நின்று, பூதக்கண்ணாடி பிடித்து, ஒரு நீலப் போத்தலின் பின்பக்கத்தில் அந்தப் பெயரை அவர் வாசித்தவர். கவளம் வாய்க்குள் போய்விட்டது. அதை விழுங்கத்தான் வழி தெரியவில்லை.

"என்னப்பா இது? ஒரே தூள். லண்டனுக்குப் பாஸாம், பாரிசுக்குப் பெயிலாம்."

தங்கராசா தண்ணீரைக் குடித்தார். "பிழையா அனுப்பியிருப்பாங்கள்" என்றார்.

பிழை ஒன்றும் இல்லை. ஏற்றுமதி ஏஜென்ட் தெளிவாகத்தான் எழுதியிருந்தான். ஆய்வுகூடத்துக்குக் கொடுத்த கறித்தூளில் இன்ன மருந்து இவ்வளவு எச்சம். பிரிட்டன் வைத்திருக்கிற அளவுக்குள் அது அடங்குகிறது. ஐரோப்பாவின் அளவை மிஞ்சுகிறது. முன்பென்றால் இரண்டு இடத்துக்கும் ஒரே விதிப்புத்தகம். பிரிட்டன் ஐரோப்பியக் கூட்டமைப்பை விட்டு வெளியேறிய பிறகு தன் புத்தகத்தைத் தானே எழுதிக்கொள்கிறது. ஆரம்பத்தில் எல்லா எண்ணும் ஒன்றாகத்தான் இருந்தன, இப்போது அங்கொன்று இங்கொன்றாக விலகத் தொடங்கியிருக்கின்றன, உங்கள் தூளில் அகப்பட்டது அப்படி விலகிய ஒன்று, லண்டன் பெட்டிகளை மட்டும் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தான்.

சிட்னியில், துங்காபி வீட்டுக் கராஜில் இருபத்துநாலு பெட்டி நின்றது. பன்னிரண்டு லண்டனில் கடை வைத்திருக்கும் நாகபூசணியின் அக்காவுக்கு. பன்னிரண்டு பாரிசில் இருக்கும் தம்பிக்கு. பதினைந்து வருடமாகக் கோயிலிலும் கலியாண வீடுகளிலும் கைக்குக் கை விற்ற தூள் கடல் கடந்து போவது இதுதான் முதல் தடவை. இதற்காக நாகபூசணி செவன் ஹில்ஸில் ஒரு சமையற்கூடத்தை வாடகைக்கு எடுத்து மூன்று வாரம் நின்று வறுத்தாள். செத்தல் மிளகாய், கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம் எல்லாம் ஹோம்புஷ் சேஷாத்ரியின் மொத்தக் கடையிலிருந்து. கறிவேப்பிலை மட்டும் வீட்டு மரம். பக்கற்றில் தூளின் பெயரை விடப் பெரிய எழுத்தில், 'எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை. மருந்து தெளிக்காதது' என்று அடிப்பித்திருந்தாள். எழுத்து சின்னதாகிவிட்டதென்று அச்சுக்காரனோடு சண்டை பிடித்து இரண்டாம் தரம் அடிப்பித்தது அது. கீழே இங்கிலிஷிலும் பிரெஞ்சிலும்கூட இருந்தது.

அந்தக் கறிவேப்பிலை பின்வளவில் வேலி நீளத்துக்குப் பதினொரு மரம். ஒன்று தாய், மற்றவை அதன் அடியில் வெடித்த கன்றுகள். போன டிசம்பரில் லண்டன் அக்காவுக்கு முழங்கால் ஒப்பரேஷன் என்று நாகபூசணி ஆறு கிழமை போய் நின்றாள். போனவள் நாளாந்தம் போனில் கேட்டது அக்காவின் முழங்காலைப் பற்றி அல்ல, தங்கராசாவின் சாப்பாட்டைப் பற்றியும் அல்ல. "கறிவேப்பிலைக்குத் தண்ணி விட்டனீங்களே?" விட்டார். விட்டும் என்ன, புதுவருடம் பிறந்த கையோடு தளிரெல்லாம் சுருண்டு, இலைக்கு அடியில் வெள்ளைப் பூச்சி அப்பி, இலை கொட்டத் தொடங்கிவிட்டது. மனிதர் சாம்பல் தூவினார். சவர்க்காரத் தண்ணீர் அடித்தார். உள்ளிப்பூண்டை இடித்து ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார். வீடு முழுக்க உள்ளி மணத்ததே ஒழிய ஒரு பூச்சிகூட முகம் சுளிக்கவில்லை. அவள் வருவதற்குப் பதினொரு நாள் இருக்கையில் பெரிய ஹார்ட்வெயார் கடைக்குப் போய், ரோசாச் செடிக்கு அடிக்கிற நீலப் போத்தலை வாங்கிவந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மொத்தம் மூன்று தரம் அடித்தார். சாப்பிடுகிற செடிக்கு அடிக்கக் கூடாது என்று போத்தலில் எழுதியிருந்தது. அதையும் வாசித்துவிட்டுத்தான் அடித்தார். அவள் வந்து மொட்டை மரத்தைப் பார்த்து அழுகிற முகம் அவர் கண்ணுக்கு முன்னால் நின்றது. சட்டமா பெரிது, அந்த முகமா பெரிது?

அவள் வந்த நாள் மரமெல்லாம் புதுத்தளிர் விட்டு நின்றது. பெட்டியைக்கூட உள்ளே கொண்டுபோகாமல் நேரே பின்வளவுக்குப் போனாள். "அக்கம்பக்கமெல்லாம் பூச்சி பிடிச்சுக் கிடக்காம், உங்களுக்கு மட்டும் எப்பிடியப்பா?" என்று கேட்டாள். "உள்ளித்தண்ணி" என்று சொல்லிவிட்டார் மனிதர். ஒரு சொல்தான், அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. நாகபூசணி அதைக் கோயிலில் சொன்னாள், சந்தையில் சொன்னாள், போனில் இரண்டு கண்டத்துக்குச் சொன்னாள். வென்ற்வேர்த்வில் மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைகளில் கூடும் மூத்தோர் சங்கம் தங்கராசாவைக் கூப்பிட்டு, 'மருந்தில்லாப் பயிர்' என்று நாற்பது நிமிடம் பேசவைத்தது. சென்னைக்காரர் பார்த்தசாரதி, ஓய்வுபெற்ற எஞ்சினியர், முன்வரிசையில் இருந்து ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை பல் என்று கொப்பியில் குறித்துக்கொண்டார். அன்று பொன்னாடை வேறு போர்த்தினார்கள். அது அலுமாரியில் கிடக்கிறது.

"சேஷாத்ரியின்ர மிளகாயிலதான்" என்றாள் நாகபூசணி. ஐபாடை மூடிவிட்டுப் போனை எடுத்துவிட்டாள்.

சேஷாத்ரி திருச்சிக்காரர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அரை மூட்டை மிளகாய் கேட்டுப்போன நாகபூசணிக்கு, 'மொத்தமாகத்தான் தருவோம்' என்று சொல்லாமல் தானே மூட்டையைப் பிரித்துக் கட்டிக் கொடுத்தவர். அந்த மனிதரைப் பிடித்து இவள் உலுப்பிவிட்டாள். உங்கட ஊரில மருந்தை அள்ளிக் கொட்டுறாங்கள், நீங்களும் பாக்காமல் வாங்கி எங்கட தலையில கட்டுறியள், இனி உங்கட கடைவாசல் மிதிக்கமாட்டன், கோயில் பெண்டுகளுக்கும் சொல்லுவன் என்று ஒரே மூச்சில் சொன்னாள். மறுமுனையில் சேஷாத்ரி சத்தம் போடவில்லை.

"அக்கா, லாட்டுக்கு லாட்டு டெஸ்ட் பேப்பர் வச்சிருக்கேன். சனிக்கிழமை காலைல நேர்ல எடுத்துட்டு வர்றேன். பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க. கோயில்ல மட்டும் அதுக்கு முன்னாடி சொல்லிடாதீங்க."

ஸ்பீக்கரில் இருந்தபடியால் தங்கராசாவுக்கும் கேட்டது. அந்தக் கடைசி வசனத்தில் இருந்த நடுக்கமும் கேட்டது.

அவர் இருபத்தெட்டு வருடம் சிட்னி ரயில்வேயில் வேலை செய்தவர். அதில் பாதிக்குமேல் பிளாற்போம் அறிவிப்பு. எந்த ரயில் பிந்தினாலும், எவன் தண்டவாளத்தில் இறங்கினாலும், எந்த வயர் அறுந்தாலும் மன்னிப்புக் கேட்டது அவருடைய குரல்தான். ஊரார் செய்த பிழைக்கெல்லாம் நாளுக்கு முப்பது தரம் மன்னிப்புக் கேட்ட வாய்க்குத் தன் பிழையைச் சொல்ல வரவில்லை. வியாழன் பின்னேரம் சொல்லப் போனார். அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்று, "இதுகளை நீங்கள் காப்பாத்தித் தந்தபடியாலதான் நான் துணிஞ்சு ஓடர் எடுத்தனான்" என்றாள். அவர் குழாயை வாங்கி மிச்சத் தண்ணீரை விட்டுவிட்டு வந்தார். வெள்ளி காலை இன்னொரு தரம் போனார். அவள் போனில் இருந்தாள். வெள்ளி பின்னேரம் போகவே இல்லை. உள்ளதைச் சொல்வதானால், பயம். நாற்பது வருடம் கூட இருந்தவளுக்கு அவர் பயந்தது அவள் ஏசுவாள் என்று அல்ல. அவள் ஏச்சு அவருக்குச் சோறு மாதிரி, தினமும் உண்டு. இனிமேல் தான் சொல்கிற எதையும் அவள் நம்பமாட்டாளே என்றுதான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு சேஷாத்ரி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் தடித்த கோப்பு. வழமையாக வந்ததும் வராததுமாகக் குசினிக்குள் தலையை நீட்டி, "அண்ணே, டீ போடுங்க" என்கிறவர் அன்று விருந்தாளி மாதிரி ஹோலில் கதிரை நுனியில் இருந்தார். தங்கராசா தானாகவே போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

"இது மிளகா. இது மல்லி. இது சோம்பு. தேதி, லாட் நம்பர் எல்லாம் இருக்கு. உங்க ரிப்போர்ட்ல வந்த மருந்து இதுல எதுலயும் இல்லக்கா."

"பேப்பர் ஆரும் அடிக்கலாம்."

சேஷாத்ரி தாள்களைத் திரும்ப அடுக்கினார். "பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவை உங்களுக்குப் பழைய சரக்கு குடுத்திருக்கேனா?"

"இல்லை. அதாலதான் இவ்வளவு நாளும் நம்பினனான்."

"சரி. ஒண்ணு பண்ணலாம். எல்லாத்தையும் தனித்தனியா டெஸ்ட்டுக்குக் குடுப்போம், செலவு என்னுது. கறிவேப்பிலையையும் சேத்து."

"கறிவேப்பிலைக்கு என்னத்துக்கு ரெஸ்ட்?" நாகபூசணியின் குரல் உயர்ந்தது. "அது எங்கட வீட்டு மரம். அவர் பிள்ளை மாதிரிப் பாத்து வளத்தது. அதில சந்தேகப்படுறது அவரில சந்தேகப்படுறது மாதிரி."

குசினிக்குள் கேத்தில் கொதித்து நின்றது. தங்கராசா மூன்று கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினார். சீனி போட்டார். தட்டைத் தூக்கினார். திரும்ப வைத்தார். பின்கதவால் கராஜுக்குப் போய், பழைய பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்தார். அதைத் தட்டில் கோப்பைகளுக்கு நடுவில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போய் இருவருக்கும் முன்னால் வைத்தார்.

நாகபூசணி நீலப் போத்தலைப் பார்த்தாள். "விசர் மனுசன்! நஞ்சுப் போத்தலைக் கொண்டுவந்து தேத்தண்ணியோடை வைக்கிறியள்!"

அதற்குப் பிறகுதான் அவள் அந்தப் பெயரை வாசித்தாள். இந்த முறை அவளுக்கும் தடக்கவில்லை.

"நான்தான்" என்றார் தங்கராசா. பிளாற்போம் குரல் எங்கேயோ போய்விட்டது. "நீர் லண்டனில நிக்கேக்க. உள்ளித்தண்ணிக்குப் பூச்சி சாகேல்லை. மரம் செத்துப்போகும் எண்டு பயந்து… ஒருக்காத்தான் அடிச்சனான்."

மூன்று தரம் அடித்ததை ஒருக்கா என்றார். அந்த இடத்திலும் மனிதருக்கு முழுசாய் வரவில்லை.

யாரும் கோப்பையைத் தொடவில்லை. நாகபூசணி போத்தலை எடுத்துத் தரையில் தள்ளி வைத்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தங்கராசாவைப் பார்க்காமல், சேஷாத்ரியின் பக்கம் திரும்பினாள். "தம்பி, வாய்க்கு வந்தபடி சொல்லிப்போட்டன். நீங்கள் என்னை மன்னிக்கவேணும்."

"விடுங்கக்கா" என்றார் சேஷாத்ரி. அவர் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கத் தேத்தண்ணியை எடுத்து ஒரே இழுப்பில் குடித்தார். "லண்டன் பெட்டியை அனுப்புங்க. அது சட்டப்படி ஓகே. பாரிசுக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் போன கையோடு லண்டன் அக்காவும் போனில் அதையேதான் சொன்னாள். "இஞ்ச பாஸ்தானேயடி! அனுப்பு. கடையில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். பாரிசுக்கு நான் ஒரு பக்கற்றும் குடுக்கமாட்டன்."

"தம்பி காரில வந்து நிண்டு போகேக்க, டிக்கிக்குள்ள ரெண்டு பக்கற் வைக்காமல் விடுவியோ?"

அக்கா யோசித்தாள். "வைப்பன்தான்."

"லண்டனில உன்ர வயிறும் பாரிசில அவன்ர வயிறும் வேற வேறயே? ரெண்டு நாடு பிரிஞ்சது அவையின்ர அலுவல். அவையள் தங்கட கணக்குக்கு ஒரு அளவு வைக்கட்டும், அது எனக்குத் தெரியாத விசயம். நான் பக்கற்றில எழுதினது எனக்குத் தெரியும். மருந்து தெளிக்காதது எண்டு எழுதினனான். அது பொய்."

குசினியில் நின்ற தங்கராசாவுக்கு அந்தக் கடைசிச் சொல் நெஞ்சில் குத்தியது. அவள் அவரைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, அதனால்தான் கூடக் குத்தியது.

இருபத்துநாலு பெட்டியிலும் கறுப்பு மார்க்கரால் 'விக்கக் கூடாது' என்று எழுதினாள். பழைய சேலை ஒன்றைக் கிழித்துப் பதினொரு மரத்திலும் கட்டி, ஒருவரும் இலை பிடுங்காதபடி செய்தாள். இதெல்லாம் செய்யும்போது அவரோடு ஒரு சொல் பேசவில்லை. ஏசவும் இல்லை. சாப்பாட்டு நேரம் வந்தால் பக்கத்து அறையிலிருந்து வாட்சப் வரும்: 'சாப்பாடு மேசையில்.' இவர் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவார். இரண்டு நீலக் கோடு விழும், அவ்வளவுதான். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அந்தச் சின்ன வீட்டில் இரண்டு பேரும் போன் வழியாகக் குடும்பம் நடத்தினார்கள். நாற்பது வருடத்தில் அவருக்கு இப்படி ஒரு பசி வந்ததில்லை. மேசையில் எல்லாம் இருந்தது, ஏச்சு மட்டும் இல்லை.

செவ்வாய்க்கிழமை தங்கராசா சேட்டுக்கு மேல் சுவெற்றர் போட்டுக்கொண்டு, பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வென்ற்வேர்த்வில் மண்டபத்துக்குப் போனார். தேத்தண்ணி இடைவேளையில் எழும்பி நின்றார். தொண்டையைச் செருமினார். அன்றைக்கு அந்தப் பழைய குரல் வந்தது.

"ஒரு அறிவித்தல். போன மாசி மாதம் நான் இஞ்ச சொன்ன உள்ளித்தண்ணி என்ர மரத்தைக் காப்பாத்தேல்லை. கடையில வாங்கின மருந்துதான் காப்பாத்தினது. அதை நான் மறைச்சனான். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனம் வருந்துறன்."

இருபது பேர் கோப்பையும் கையுமாக அவரைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு அன்ரி, "அதுதானே! என்ர மரத்தில பாதி இலை கொட்டினது!" என்றாள். ஓரிருவர் சிரித்தார்கள்.

பார்த்தசாரதி எழுந்தார். "சார், அப்ப நான் மூணு மாசமா ஊத்தினது?"

"அது உண்மையான உள்ளித்தண்ணிதான் ஐயா."

"என் மரம் நன்னாத்தான் சார் இருக்கு. வீட்டுல பூண்டு நாத்தம்னு திட்டறா, அது ஒண்ணுதான் கஷ்டம்." அவர் கொஞ்சம் யோசித்தார். எஞ்சினியர் மூளை. "அப்ப இந்த ஹால்ல இருக்கற யாருமே மருந்து அடிக்கலை. நீங்க சொன்னீங்கன்னு நம்பி பூண்டுத் தண்ணிதான் விட்டிருக்கோம். சுத்தமான இலை இந்த ஏரியாவுல எங்க வீடுகள்லதான் இருக்கு. இல்லாதது உங்க வீட்டுல மட்டுந்தான்."

மண்டபமே சிரித்தது. தங்கராசாவும் சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்காமல் கண்ணீர்தான் வந்தது. பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்கப் போனால் ஒருவரும் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவு மணி அடித்தது. திறந்தால் பார்த்தசாரதி. வாசலில் ஒன்பது பை. தொப்பியைக் கழற்றி, "மேடம் தூளுக்கு சுத்தமான இலை வேணுமேன்னு எல்லாருமாப் பறிச்சோம்" என்றார். நாகபூசணி பைகளைப் பார்த்தாள். முகத்தில் ஒரு தசை இளகியது, ஆனால் குரல் இளகவில்லை.

"நீங்கள் ஒருத்தரும் வேற ஒண்டும் அடிக்கேல்லையே?"

பார்த்தசாரதி சட்டைப்பைக்குள்ளிருந்து கொப்பியை எடுத்து நீட்டினார். தேதி, நேரம், எத்தனை பல், எத்தனை லிட்டர், மனைவி திட்டிய நாள். நாகபூசணி நின்ற நிலையில் எல்லாப் பக்கத்தையும் வாசித்தாள். "முதல் இதுகளை ரெஸ்ட்டுக்குக் குடுப்பம். பாசெண்டால்தான் வறுக்கிறது" என்றாள். "கொப்பியை நான் வச்சிருக்கிறன்."

மத்தியானம் வரை ஒன்பது பையையும் தனித்தனியே கழுவினாள். ஒவ்வொன்றுக்கும் கொண்டுவந்தவரின் பெயரைக் கடதாசியில் எழுதி வைத்தாள். தங்கராசா கூப்பிடாமலே போய் நின்று, வாளியில் தண்ணீர் மாற்றினார். சிட்னியில் மே மாத வெயிலை நம்ப முடியாது, குளிர் தொடங்குகிற காலம். ஹோலில் கதிரைகளை ஒதுக்கி, மின்விசிறிக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்து உலர்த்துவதுதான் வழமை. நாகபூசணி அலுமாரியிலிருந்து பழைய வேட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு தலைப்பைத் தான் பிடித்துக்கொண்டு மறுதலைப்பை அவர் பக்கம் நீட்டினாள். அவர் பிடித்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நாலு முழ வெள்ளை.

அவள் விரிக்கவில்லை. பிடித்தபடி நின்றாள்.

"எத்தனை தரம் அடிச்சனீங்கள்?"

எட்டு நாளுக்குப் பிறகு அவரோடு பேசிய குரல். ஒருக்கா என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. அதை ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை. போத்தலில் எவ்வளவு குறைந்திருந்ததென்று அவள் பார்த்திருப்பாளோ, அவருக்குத் தெரியாது. வெளியே பதினொரு மரத்திலும் அவளுடைய சேலைக் கிழிசல் ஆடிக்கொண்டிருந்தது.

"மூண்டு" என்றார். "மூண்டு தரம்."

நாகபூசணி அவரை நெடுநேரம் பார்த்தாள்.

"வடிவா இழுத்துப் பிடியுங்கோ, சுருக்கு விழுது" என்றாள்.

அவர் இழுத்துப் பிடித்தார். வேட்டி இருவருக்கும் நடுவில் ஒரு தரம் உப்பி எழும்பி, காற்றிறங்கி, மெல்ல மெல்ல நிலத்தில் படிந்தது.